தண்ணி போற பக்கம்: ஒடுங்கின பாத்ரூமும் எங்கட நிலங்களும்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிற, திருத்துகிற எல்லாருக்கும் இப்போது ஒரு கட்டத்தில் வருகிற கேள்வி இது. பாத்ரூம் நாலடி அகலம், எட்டடி நீளம். வாங்கி வைத்த ரைல் ஓரடிக்கு இரண்டடி. அதை நீட்டுக்குப் போடுவதா, குறுக்கால போடுவதா? வட்ஸ்அப்பில் கனடாவரைக்கும் போய்த் திரும்பி வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: நீட்டுக்குப் போட்டால் அறை நீளமாகத் தெரியும், குறுக்கால போட்டால் அகலமாகத் தெரியும், மூலைவாட்டில் போட்டால் ஒடுக்கமே தெரியாது.

மூன்றும் பொய்யில்லை. ஆனால் மூன்றுமே வாசலில் நின்று பார்க்கிற கண்ணுக்கான பதில்கள். குளிக்கிற காலுக்கோ, ஓடுகிற தண்ணிக்கோ, குனிந்து நிலம் தேய்க்கிற கைக்கோ அவற்றில் இடமில்லை. எங்கட ஊரில் ஈர நிலம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது கண் இல்லை, தண்ணிதான். அந்தக் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் ரைல் கேள்விக்கும் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறோம்.

கிணத்தடி

குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரிக்கு மட்டும் ஓடும். பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது, அதைத்தான் கிணறு தோண்டி அள்ளுகிறோம். அதனால் எங்களுக்குக் குளிப்பு என்றால் அறை இல்லை, கிணத்தடி.

துலாவால் அள்ளி வார்த்த தண்ணி வாய்க்காலில் இறங்கி வாழைக்கும் கமுகுக்கும் தென்னைக்கும் போகும். கிணத்தடித் தளம் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று ஒருவரும் தலையைப் போட்டு உடைக்கவில்லை. கிணத்துக்கு எதிர்ப்பக்கம், வாழை நிற்கிற பக்கம். அவ்வளவுதான். வீட்டுக்குள்ளும் இதே கணக்குத்தான். நாற்சார் வீட்டில் நாலு பக்கக் கூரைத் தண்ணியும் நடு முற்றத்தில் விழுந்து ஒரு வழியால் வெளியே போக வேண்டும். முற்றத்து நிலத்தின் சரிவு பிழைத்தால் மாரியில் விறாந்தைக்குத் தண்ணி ஏறிவிடும்.

இதை ஒரு பொற்காலமாகச் சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தக் கிணத்தில் எல்லாரும் அள்ள முடியவில்லை. ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் கிணத்தைத் தொட முடியாமல், மற்றவர்கள் அள்ளி வார்க்கும்வரை காத்து நின்ற ஊர்கள் இவை. பெண்களுக்கும் கிணத்தடி சும்மா கிடைத்த சுதந்திரம் இல்லை. விடியமுதல் எழும்பி, கிடுகு வேலி மறைப்புக்குள், குறுக்குக்கட்டோடு குளிக்க வேண்டும். கதவைச் சாத்திக் குளிக்க ஒரு அறை வேண்டும் என்ற ஆசையை வெறும் பகட்டு என்று தள்ள முடியாதது இதனால்தான்.

பின்பக்கத்து வாசல்

கக்கூஸ் என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுப்போனது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள். சொல் வந்த வேகத்தில் வசதி வரவில்லை. கிராமங்களில் பனங்காணியும் வெளியும்தான். பட்டினத்தில் 20ஆம் நூற்றாண்டிலும் வாளிக் கக்கூஸ் இருந்தது. அந்தச் சின்ன அறைக்கு இரண்டு பக்கம். முன்பக்கக் கதவால் வீட்டுக்காரர் போய்வருவார். பின்பக்கத்துத் துவாரத்தால் வாளியை எடுத்துப் போக ஒரு தொழிலாளி வருவார். பிரித்தானியர் காலத்தில் இந்த வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் மக்கள் அவர்கள். அந்தப் பின்பக்கத்து வாசல் சாதியைக் கல்லில் கட்டி வைத்த ஏற்பாடு.

அதை மூடியது பெரிதாக ஒன்றும் இல்லை, வளைந்த ஒரு குழாய். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளர் அதற்குக் காப்புரிமை பெற்றார். வளைவுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணி நிற்கும், மணம் திரும்பி வராது. அது எங்கட வளவுகளுக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு எடுத்தது. வந்த பிறகு மனிதர் சுமந்ததைத் தண்ணி சுமந்தது. மணம் போனதால் கக்கூஸ் வளவின் கோடியிலிருந்து மெல்ல மெல்ல வீட்டை நோக்கி நகர்ந்தது. பிறகு வீட்டோடு ஒட்டியது. கடைசியில் படுக்கையறைக்குள் அற்றாச் பாத்ரூம் ஆனது.

பாத்ரூம் ஏன் ஒடுக்கம் என்பதற்கும் விடை இதில்தான். எங்கட பழைய வீடுகளில் அதற்கென்று இடம் விடப்படவில்லை. பின்னால் வந்தது, கிடைத்த இடத்தில் நுழைந்தது. சுவரோடு பத்தி இறக்கி, அல்லது விறாந்தையின் ஒரு துண்டை மறித்து, அல்லது அறையில் நாலடி வெட்டி எடுத்தது.

சீமெந்துக்குத் திசை இல்லை

1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. எங்கட கிணத்துத் தண்ணியைத் தாங்கி வைத்திருக்கிற அதே சுண்ணாம்புக்கல்லை வெட்டி, அரைத்து, சுட்டுத்தான் சீமெந்து வந்தது. சாணி மெழுகின நிலங்கள் சீமெந்து நிலங்களாயின. வசதியுள்ள வீடுகளில் சிவப்புப் பூச்சு. சிலர் ஈரம் காயமுதல் நூலை அழுத்திச் சதுரம் சதுரமாகக் கோடு போடுவித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சீமெந்து நிலத்துக்குத் திசை கிடையாது. மேசன் சாந்தகப்பையால் இழுத்த பக்கமெல்லாம் அது சரியும், வளையும். தண்ணி போகிற ஓட்டை எந்த மூலையில் இருந்தாலும் பரவாயில்லை, கையே வாட்டம் பார்த்து இழுத்துவிடும். ரைல் அப்படி இல்லை. சூளையில் சுட்டு இறுகின தட்டையான பலகை அது. வளையாது. முதல்முறையாக நிலத்துக்கு நீட்டு, குறுக்கு என்று ஒன்று வந்தது ரைலோடுதான்.

ரைலுக்கு முதல் வந்தது போர். 1990இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அதே வருசம் தொடங்கிய பொருளாதாரத் தடையில் சீமெந்தும் தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு பை சீமெந்து கிடைப்பதே பெரும்பாடு. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. பல வருசம் கழித்து வலிகாமம் வடக்குக்குத் திரும்பியவர்களில், கூரையும் சுவரும் போன பிறகு கிணத்தையும் எஞ்சிக் கிடந்த சீமெந்து நிலத்தையும் வைத்துத் தங்கட வளவை அடையாளம் கண்டவர்களை எங்களுக்குத் தெரியும்.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது, தெற்கிலிருந்து லொறிகளில் ரைல் வந்தது. 2006 ஓகஸ்ற்றில் வீதி மூடியது. போர் முடிந்த பிறகு மறுபடியும் திறந்தபோது வெளிநாட்டுக் காசும் சேர்ந்து வந்தது. இருபது வருசம் நிலத்துக்கு ஒன்றும் செய்ய முடியாமல் இருந்த வீடுகள் ஒரேயடியாகப் பளபளத்தன. அந்தப் பளபளப்பை நாங்கள் பழிக்க மாட்டோம். இனி இந்த நிலத்தை விட்டுப் போகமாட்டோம் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருக்கிறது. ஆனால் வரவேற்பறைக்கு வாங்கின அதே பொலிஷ் ரைலைப் பாத்ரூமுக்கும் போட்டதில்தான் பிழை வந்தது. கிணத்தடிக் கல்லில் அறுபது வருசம் வழுக்காமல் நின்று குளித்த அம்மம்மாமார் அற்றாச் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறித்துக்கொண்டார்கள். உங்கள் ஒழுங்கையிலேயே கேட்டுப் பாருங்கோ, ஒரு வீடாவது இருக்கும்.

சரி, எந்தப் பக்கம் போடுறது?

முதலில் தண்ணி போகிற ஓட்டை எங்கே என்று பாருங்கள். வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால் எட்டடிக்கு இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். ஒடுக்கமான அறையின் கடைசிச் சுவரோரம் முழு அகலத்துக்கும் நீட்டுச் சல்லடைக் கான் வைத்தால், நிலம் முழுவதும் ஒரே பக்கம் சரிந்தால் போதும். பெரிய ரைலும் வெட்டில்லாமல் படுக்கும். ஓட்டை நடுவிலோ மூலையிலோ இருந்தால் பல பக்கத்திலிருந்தும் சரிவு வர வேண்டும். அப்போது ஓரடிக்கு இரண்டடி ரைலை மூலைவிட்டமாக வெட்டத்தான் வேண்டும். வெட்டாமல் போட்டால் விளிம்பு கிளம்பும், தண்ணி தேங்கும். அந்த இடத்துக்குக் கையகலச் சின்ன ரைல்தான் சரி. அது சீமெந்துபோல வளைந்து கொடுக்கும்.

இரண்டாவது, கால். நாலுக்கு எட்டு அறைக்கு நீட்டுக்குப் போட்டாலும் குறுக்கால போட்டாலும் 16 ரைல்தான், காசில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பொருத்துகளில்தான். நீட்டுக்குப் போட்டால் நடக்கிற வழியை மறித்து 3 பொருத்துகள் வரும். குறுக்கால போட்டால் 7. பொருத்து கூடினால் காலுக்குப் பிடிப்புக் கூடும். நீட்டுக்குப் போட்டால் ஒரே பக்கச் சரிவில் தண்ணி கொஞ்சம் லேசாக ஓடும், தேய்த்துக் கழுவவும் சுகம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நாங்கள் குறுக்குக்குத்தான் வாக்குப் போடுவோம். ஆனால் எந்தப் பக்கம் போட்டாலும் ரைல் சொரசொரப்பானதாக இருக்க வேண்டும். வழுக்குகிற ரைலைத் திசை காப்பாற்றாது.

மூன்றாவது, சுவர். பழைய வீட்டுச் சுவர்கள் நேராக இருப்பது அருமை. ஒரு முனையில் நாலடி, மறு முனையில் நாலடி இரண்டங்குலம் என்று இருக்கும். நீட்டுக்கு ஓடுகிற பொருத்து அந்தக் கோணலை எட்டடிக்கும் காட்டிக்கொடுக்கும். குறுக்கால போட்டால் ஒவ்வொரு வரிசையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு மாறும், அவ்வளவாகத் தெரியாது. செங்கல் கட்டுப்போல மாற்றி மாற்றிப் போட ஆசையென்றால் பாதிக்குப் பாதி வேண்டாம், மூன்றில் ஒன்று தள்ளிப் போடச் சொல்லுங்கள். நீளமான ரைல் சூளையில் நடுவில் மெல்லிசாக வளைந்திருக்கும். ஒன்றின் நடுவும் மற்றதின் விளிம்பும் பக்கத்தில் வந்தால் கால் தட்டும்.

கண்ணுக்கு அறை அகலமாகத் தெரிவது இதெல்லாவற்றுக்கும் பிறகு வருகிற நன்மை. வேண்டாம் என்றில்லை, கடைசியில் பார்க்கலாம்.

கானுக்கு அங்கால

சல்லடைக்குள் இறங்கின தண்ணியைப் பிறகு நாங்கள் நினைப்பதில்லை. அது கண்ணுக்குத் தெரியாத குழிக்குப் போகிறது. குழியைச் சுற்றி இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதற்குக் கீழே இருப்பது அடுத்த நாள் நாங்கள் அள்ளப்போகிற தண்ணி. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் இருப்பது திரும்பத் திரும்ப அளந்து சொல்லப்பட்டிருக்கிறது. தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிகளும் இரண்டு பெரிய காரணங்கள். கிணத்துக்கும் குழிக்கும் 50 அடியாவது இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டு பரப்புக் காணியில், நாலு பக்கமும் அயலவரின் கிணறும் குழியும் இருக்க, அந்த 50 அடியை எங்கே தேடுவது?

அதனால் ரைல் பதிக்கமுதல் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. குளிக்கிற தண்ணிக்கும் கொமேட்டுக்கும் வேறு வேறு குழாய் வைப்பது. நிலத்துக்குள் குழாய் புதைக்கிற அன்றைக்கு அதற்குப் பெரிய செலவில்லை. ரைல் பதித்த பிறகு உடைத்துச் செய்வதென்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள். குளித்த தண்ணியாவது குழிக்குப் போகாமல் பழையபடி வளவுக்குள் வரட்டும். கிணத்தடியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம், ஆனால் வாழை இன்னும் வெளியில்தான் நிற்கிறது.