நூர்பூர்க் வளையம்: பந்தயப் பாதை பொது வீதியான வரலாறு

வீதி எல்லார்க்கும் உரியது. அதில் நடப்போனுக்கும் வண்டி செலுத்துவோனுக்கும் சம உரிமை உண்டு. ஆயின், மோட்டார் வண்டி தோன்றிய காலந்தொட்டு இச் சம உரிமைக்கு இடையூறு நேர்ந்தது. வண்டியின் இயல்பு விரைவு. வீதியின் இயல்பு பொதுமை. இவ்விரண்டும் முரணியபோது விரைவுக்கெனத் தனி நிலம் வகுக்கப்பட்டது. அத் தனி நிலமே பந்தய ஓட்டப்பாதை. அவ்வாறு பிரித்தெடுக்கப்பட்ட பாதைகளுள் ஒன்று மக்களின் வீதியாகவும் விளங்கி வருவது வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது. ஜேர்மனியின் ஐபெல் மலைநாட்டிலுள்ள நூர்பூர்க் வளையமே அப் பாதை. பந்தயமும் பரிசோதனையும் நிகழாத வேளைகளிற் பொதுமக்களுக்கெனக் குறித்த நாட்களில், சாரதி அனுமதிப்பத்திரமும் வீதியிற் செல்லத் தகுதியுள்ள வண்டியும் உடைய எவரும் கட்டணஞ் செலுத்தி அதனைச் சுற்றி வரலாம். இவ்வுரிமை எவ்வாறு பிறந்தது, எந்த நிபந்தனையின்மேல் நிலைத்து நிற்கின்றது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

தொடக்கத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் ஊருக்கும் ஊருக்கும் இடையேயுள்ள பொது வீதிகளிலேயே நடைபெற்றன. 1903ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரை அடுத்த வெர்சாயிலிருந்து மாட்ரிட் நகர் நோக்கிப் புறப்பட்ட பந்தயம் இம் முறைக்கு ஒரு முடிவுரையாயிற்று. மார்செல் ரெனோ முதலிய சாரதிகளோடு வேடிக்கை பார்க்க வந்தோரும் அதில் மாண்டனர். பிரெஞ்சு அரசாங்கம் பந்தயத்தைப் போர்டோ நகரிலேயே நிறுத்திவிட்டது. அதே ஆண்டிற் பிரித்தானியா இயற்றிய மோட்டார் வண்டிச் சட்டம் வீதிகளில் மணிக்கு 20 மைலுக்கு மேற் செல்லலாகாதென விதித்தது. இந்நிலையில் ஹியூ லொக் கிங் என்னும் செல்வர், சறே மாகாணத்திலுள்ள தமது நிலத்திற் புறூக்லாண்ட்ஸ் என்னும் கொங்கிறீற்று ஓட்டப்பாதையை அமைத்து 1907ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திறந்து வைத்தார். அதன் சுற்றளவு இரண்டே முக்கால் மைல். திறந்த சில நாட்களுள் எஸ். எவ். எட்ஜ் என்பார் நேப்பியர் வண்டியொன்றில் 24 மணி நேரம் ஓடி ஏறத்தாழ 1,581 மைல் தூரங் கடந்தார். வீதியிற் குற்றமாகிய செயல் வேலிக்குள் வீரமாயிற்று.

புறூக்லாண்ட்ஸ் ஒரு செல்வரின் நிலத்தில் அவர் பொருளால் எழுந்தது. நூர்பூர்க் வளையத்தின் பிறப்போ வேறு. ஐபெல் மலைநாடு மண் வளங் குன்றியது, குளிர் மிகுந்தது, தொழிற்சாலைகள் அரிது. முதலாம் உலகப் போரின் பின் அங்கு வறுமையும் வேலையின்மையும் பெருகின. 1922இல் அம் மலைவீதிகளில் நடத்தப்பட்ட பந்தயம் பார்வையாளரை ஈர்த்ததாயினும், பொது வீதியிற் பந்தயம் நடத்துதல் நெடுநாள் நடவாதென்பதும் தெளிவாயிற்று. அடெனாவ் மாவட்ட ஆட்சித்தலைவராயிருந்த ஒற்றோ குறோயிற்ஸ் என்பார் இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்க எண்ணினார். வேலையற்றோருக்கு வேலை அளிக்கும் அரசாங்கத் திட்டமாக ஒரு பந்தயப் பாதையை அமைக்கலாம் என்பதே அவர் கருத்து. கொலோன் நகரபிதாவும் பின்னாளில் மேற்கு ஜேர்மனியின் முதலாவது சான்சலருமாகிய கொன்றாட் அடெனாவர் இதற்கு ஆதரவளித்தார். 1925ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் பாறையை உடைத்தும் காட்டை ஊடறுத்தும் இரண்டாண்டுக்குள் வேலையை நிறைவேற்றினர்.

1927ஆம் ஆண்டு யூன் 18ஆம் நாள் பாதை திறக்கப்பட்டது. மறுநாள் நடந்த மோட்டார் வண்டிப் பந்தயத்தில் றுடோல்வ் கரச்சியோலா மெர்சிடிஸ் பென்ஸ் வண்டியில் வெற்றி பெற்றார். முழுப் பாதையின் நீளம் 28 கிலோமீற்றருக்கு மேல். அதன் பெரும் பகுதியான வடவளையம் மட்டும் 22.8 கிலோமீற்றர். பின்னர்ச் செய்த மாற்றங்களால் வடவளையம் இன்று 20.8 கிலோமீற்றராயுள்ளது. பொதுப் பணத்தால் எழுந்த இப் பாதை, தொடக்க ஆண்டிலிருந்தே மாலை வேளைகளிலும் வார இறுதியிலும் சுங்கம் அறவிடும் ஒருவழி வீதியாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வறிய மாவட்டத்துக்கு வருவாய் தேடும் நோக்கமும் இதில் அடங்கியிருந்தது.

இப் பாதையிற் செல்லும் குடிமகன் எதனை எதிர்நோக்குகின்றான்? இது புறூக்லாண்ட்ஸ் போன்று ஒரே நோக்கிற் கண்ணுக்குப் புலனாகும் வட்டமன்று. எழுபதுக்கு மேற்பட்ட திருப்பங்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறத்தாழ 300 மீற்றர் உயர வேறுபாடு. ‘விமானத்தளம்’ எனப்படும் மேட்டிலே வண்டியின் பாரம் சக்கரங்களை விட்டு எழுகின்றது. ‘நரிக்குழாய்’ எனப்படும் இறக்கத்தின் அடியிலே அதே பாரம் சக்கரங்களை நெரிக்கின்றது. ‘கறுசெல்’ என்னும் வளைவிலே சாரதி கொங்கிறீற்றுப் பதித்த சாய்குழிக்குள் இறங்கிச் சுழன்று வெளிவருகின்றான். பல திருப்பங்கள் மேட்டின் பின்னே மறைந்திருத்தலின், கண்ணால் மட்டும் ஓட்டுவோன் தவறுவான், நினைவாலும் ஓட்டல்வேண்டும். ஒரு பக்கத்தில் வெயில் எறிக்க மறுபக்கத்தில் மழை பொழிதலும் உண்டு. வேகம் இருமடங்காயின் பிறேக்குத் தணிக்கவேண்டிய ஆற்றல் நான்மடங்காகும் என்னும் பௌதிக விதி நீண்ட இறக்கங்களில் ஏட்டு விதியாக நில்லாது. வெம்மை மிகுந்து பிறேக்குத் திரவம் கொதிக்குமாயின், மிதிகட்டை காலின்கீழ்த் தளர்ந்துபோம்.

இனி, அங்கு நிலவும் ஒழுங்கை நோக்குவாம். பொதுமக்கள் ஓடும் வேளைகளில் ஜேர்மனியின் சாதாரண வீதிச் சட்டமே அங்கும் செல்லும். முந்துவோர் இடப்பக்கமாகவே முந்தல் வேண்டும். விரைந்து வருவோர்க்கு மெதுவாகச் செல்வோர் வலப்பக்கம் ஒதுங்கி வழிவிடல் வேண்டும். வழியிற் காரணமின்றி நிறுத்தலாகாது. பந்தயம் ஓடுதலும் நேரங் கணித்தலும் தடுக்கப்பட்டுள்ளன. இரும்பு வேலியைச் சேதப்படுத்துவோன் அதன் செலவைத் தானே இறுத்தல் வேண்டும். ஆகவே, அங்கு அனுமதிக்கப்படுவது வேகம், மறுக்கப்படுவது போட்டி. இவ்விரண்டும் ஒன்றென எண்ணுவோர் பலராதலின் இவ்வேறுபாட்டை வற்புறுத்தல் தகும்.

இவ்வேறுபாட்டின் பொருளை உலகச் சாரதிகளின் வரலாறு நன்கு விளக்குகின்றது. 1968இல் மூடுபனியும் மழையும் சூழ்ந்த நிலையில் நான்கு நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் வென்ற ஜக்கி ஸ்ரூவேர்ட், இப் பாதைக்குப் ‘பச்சை நரகம்’ என்று பெயரிட்டார். வென்றவரே பாதுகாப்பு வேண்டி முன்னின்று வாதாடினார். 1970இல் சாரதிகள் இங்கு ஓட மறுத்தமையால் ஜேர்மன் பெரும்பந்தயம் ஹொக்கன்ஹைம் நகருக்கு மாற்றப்பட்டது. திருத்தவேலைகளின் பின் 1971இல் மீண்டும் வந்தது. எனினும், 1976ஆம் ஆண்டு ஓகஸ்ற் 1ஆம் நாள் நிக்கி லௌடாவின் வண்டி மோதித் தீப்பற்றியபோது, அவரை எரியும் வண்டியிலிருந்து மீட்டவர் பின்னே வந்த சக சாரதிகளே. இத்துணை நீண்ட பாதை முழுவதிலும் உதவியாளரை நிறுத்துதல் அரிதென்பது அன்று வெளிப்பட்டது. அதன் பின் போர்முலா வண் உலகப் பந்தயம் வடவளையத்தில் நடைபெறவில்லை. அப்பந்தயங்களுக்கென அருகே குறுகிய புதிய பாதையொன்று 1984இல் திறக்கப்பட்டது.

உலகின் தலைசிறந்த சாரதிகள் அஞ்சி விலகிய பாதையிற் சாதாரண மக்கள் தொடர்ந்து செல்வது முரணன்றோ என ஒருவர் வினவலாம். பந்தயச் சாரதி தன் வேகத்தைத் தான் வகுப்பவனல்லன். முன் செல்வோனும் பின் வருவோனும் அதனை வகுக்கின்றனர். மெல்லச் செல்லும் உரிமையை அவன் தொடக்கக் கோட்டிலேயே விட்டுவிடுகின்றான். குடிமகனோ அவ்வுரிமையைக் கையிற் கொண்டே உள்ளே செல்கின்றான். மழை கண்டால் தணியலாம். அறியாத திருப்பத்தில் ஒதுங்கலாம். ஒரு சுற்றோடு வெளியேறலாம். இவ்வுரிமையை மறந்து, அருகிற் செல்லும் அந்நியனோடு மனத்துக்குள் போட்டியிடத் தொடங்குபவனுக்கே பச்சை நரகம் தன் பெயரை மெய்ப்பிக்கின்றது. பொதுமக்கள் ஓட்டத்திலும் உயிர்கள் இழக்கப்பட்டுள்ளன என்பதை மறைத்தல் ஆகாது.

அண்மைக் காலத்தில் இவ்வீதியின் பொதுமைக்கே ஆபத்து நேர்ந்தது. மாநில அரசின் உடைமையாயிருந்த நிறுவனம் களியாட்டப் பூங்கா முதலிய கட்டடங்களிற் பெருந்தொகை செலவிட்டு, 2012இல் கடன் இறுக்க இயலாத நிலையை எய்தியது. 2014இல் வளையம் தனியாருக்கு விற்கப்பட்டது. மக்கள் நுழைவுரிமை என்னாகுமென்ற அச்சம் அப்பகுதியில் எழுந்தது இயல்பே. பாட்டனார் கல்லுடைத்து அமைத்த பாதையிற் பேரன் செல்லத் தடையுண்டாயின், அது வெறும் வணிகச் செய்தியன்று. எனினும் உடைமை மாறிய பின்னரும் மக்களுக்குரிய ஓட்டம் நின்றுபோகவில்லை.

வேகம் தன்னளவிற் குற்றமன்று. இடமறியாத வேகமே குற்றம். நூர்பூர்க் வளையத்தை அமைத்த சமுதாயம் வேகத்துக்கு ஓர் இடங் கொடுத்தது; அவ்விடத்திலும் சட்டத்தை உடன் அனுப்பியது. அவ்வாறு இடம் பெற்றவன் பள்ளிச் சிறுவரும் முதியோரும் நடக்கும் வீதியில் அதே வேகத்தைக் கோரும் உரிமையை இழந்தவனாவான். அத்தகைய இடம் இல்லாத நாட்டிலும் அவ்வுரிமை எவர்க்கும் உளதாகாது. ஏனெனில், ஐபெல் மலையிற் பணங் கொடுத்து உள்ளே செல்வோன் தன் ஆபத்தைத் தானறிந்து ஏற்கின்றான். பொது வீதியில் விரைபவனோ அதனைப் பிறர்மீது சுமத்துகின்றான்.