கான்சியர்ஜும் காவல்காரரும்

கான்சியர்ஜ் என்பவர் பெரிய விடுதிகளில் விருந்தினரின் தேவைகளைக் கவனிக்கும் பணியாளர். பயணச்சீட்டு எடுத்துத் தருவது, மருத்துவரை அழைப்பது, ஊரைச் சுற்றிப் பார்க்க வழி சொல்வது, தொலைந்த பெட்டியைத் தேடித் தருவது எல்லாம் அவர் பொறுப்பு. தொடக்கத்தில் இச்சொல்லுக்கு விடுதியோடு தொடர்பில்லை. மாளிகையையும் அதன் வாயிலையும் காத்தவரையே அது குறித்தது. இதற்கு நெருங்கிய பொறுப்பைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் 'காவல்' என்றனர். இவ்விரு சொற்களும் காலப்போக்கில் சிறைச்சாலை வரை சென்றன. அதன் பின் அவற்றைச் சுமந்த மனிதர்களின் நிலை மட்டும் வேறு வேறாக முடிந்தது.

சொல்லின் பிறப்பு

கான்சியர்ஜ் பிரெஞ்சுச் சொல். 'மெழுகுவர்த்திகளின் பிரபு' என்று பொருள்படும் தொடரிலிருந்து இது வந்ததாக ஒரு கதை உண்டு. மொழியியலாளர் இதை ஏற்பதில்லை. 'உடன் அடிமை' என்று பொருள்தரும் 'கன்சர்வுஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் மூலமாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து.

பாரிஸ் நகரில் சென் ஆற்றின் நடுவே உள்ள தீவில் பிரெஞ்சு அரசர்களின் பழைய மாளிகை இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் அரசர்கள் வேறிடம் குடிபெயர்ந்தபோது, மாளிகையின் பொறுப்பு கான்சியர்ஜ் என்ற அதிகாரியிடம் வந்தது. அதன் எல்லைக்குள் வழக்கு விசாரிக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. மாளிகையின் ஒரு பகுதி சிறையாயிற்று. அதற்குக் 'கான்சியர்ஜரி' என்றே பெயர் நிலைத்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசி மரி அந்துவானெத் அங்கு அடைக்கப்பட்டு, 1793 அக்டோபர் 16 அன்று கொல்லப்பட்டார்.

தமிழில் வாயில்

தமிழிலும் வாயில் என்பது கதவு மட்டுமன்று. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று பேசும் தோழி, பாணன் உள்ளிட்ட 12 பேரைத் தொல்காப்பியக் கற்பியல் 'வாயில்கள்' என்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் வருகையைப் பாண்டியனுக்கு அறிவிப்பவன் வாயிலோன். வந்தவரை உள்ளே சேர்ப்பதும் வாயில் காப்பவரின் கடமை என்பதை இவ்வழக்குகள் காட்டுகின்றன.

நெல்லைச் சீமையின் காவல்

திருநெல்வேலிச் சீமையில் காவல் இரு வகைப்பட்டது. ஓர் ஊரின் வீடு, வயல், களம், கால்நடை ஆகியவற்றைக் காப்பது தலக்காவல். பல ஊர்களும் வழிகளும் அடங்கிய பரப்பைக் காப்பது திசைக்காவல்; இதைத் தேசக்காவல் என்றும் கூறுவர். முதலாவது ஊர்க் காவல்காரரிடமும், இரண்டாவது பெரும்பாலும் பாளையக்காரரிடமும் இருந்தது.

காவலுக்குரிய கூலி விளைச்சலின் பங்காகவோ பணமாகவோ கொடுக்கப்பட்டது. கார், பிசானம் என்று இருபோகம் விளையும் ஆற்றுப்பாசன ஊர்களில் களத்து நெல்லுக்குக் காவல் இன்றியமையாதது. இம்முறையின் உயிர்நாடி பொறுப்பேற்பு. பொருள் களவுபோனால் காவல்காரர் அதைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். இல்லையேல் ஈடு கட்டவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காவல் கூலி தர மறுத்த ஊரில் களவு நடப்பதும், திருடுபோன மாட்டை மீட்டுத் தரத் 'துப்புக்கூலி' பெறுவதும் வழக்கமாயின. காப்பவரே அச்சுறுத்துபவராகவும் மாறிய இந்த நிலையைக் குடிகள் வெறுத்தனர். ஆங்கிலேயர் காவல் முறையைக் குற்றஞ்சாட்ட இதுவே காரணமாயிற்று.

காவல் கைமாறியது

பாளையக்காரர்கள் தம் எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களிலும் திசைக்காவல் வரி பெற்றனர். தன் வருவாய்க்கு உட்பட்ட ஊர்களில் இன்னொருவர் வரி வாங்குவதைக் கிழக்கிந்தியக் கம்பெனி பொறுக்கவில்லை. பாளையக்காரருடன் மூண்ட பகைக்குக் கப்பத்தோடு இந்தக் காவல் உரிமையும் ஒரு காரணம். 1799 அக்டோபர் 16 அன்று, பிரெஞ்சு அரசி இறந்து சரியாக ஆறு ஆண்டுகளில், கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு, 1801 பிப்ரவரியில் தப்பினார். திசைக்காவல் உரிமை பெற்ற குடும்பத்தவர் இப்போது காவலில் வைக்கப்பட்டவராயினர். அதே ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது.

அதன்பின் பாளையக்காரரின் காவல் உரிமை பறிக்கப்பட்டது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த்தலைவருக்கும் தலையாரிக்கும் ஊர்க்காவல் பணியைத் தந்தது. 1859இல் சென்னை மாகாணக் காவல்துறைச் சட்டம் வந்தது. ஆயினும் ஊர்களில் பழைய காவல் உடனே மறைந்துவிடவில்லை. சட்டத்துக்குப் புறம்பாக அது 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ், தலைமுறைகளாகக் காவல் பார்த்த சமூகங்கள் சிலவும் தென் மாவட்டங்களில் கொண்டுவரப்பட்டன. பிறரின் வாயிலை இரவில் காத்தவர், இரவில் தம் ஊரைவிட்டு வெளியேறவும் அனுமதி கேட்க நேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது.

இன்றைய நிலை

பாரிஸில் கான்சியர்ஜ் என்ற சொல் சிறையிலிருந்து மீண்டது. 19ஆம் நூற்றாண்டில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் குடியிருந்து, கதவு திறந்து, தபால் வாங்கி வைத்தவரை அது குறித்தது. பின் விடுதிகளுக்குச் சென்றது. 1929இல் பாரிஸ் விடுதிக் கான்சியர்ஜுகள் 'தங்கச் சாவிகள்' என்ற சங்கத்தை அமைத்தனர். 1952இல் அது ஐரோப்பிய அளவில் விரிந்தது. சட்டையின் கழுத்துப்பட்டியில் குறுக்காக அமைந்த இரு பொற்சாவிகள் அதன் அடையாளம்.

காவல் என்ற சொல்லோ தமிழ்நாட்டில் அரசுத் துறையின் பெயராயிற்று. களவுக்கு ஈடு கட்டும் பொறுப்பு அந்தப் பெயரோடு போகவில்லை. ஊர் வயலைக் காத்தவரின் வேலை இன்று அடுக்குமாடிகளிலும் ஏடிஎம் வாசல்களிலும் 'வாட்ச்மேன்', 'செக்யூரிட்டி' என்ற பெயர்களில் தொடர்கிறது. சாவி வாங்கி வைப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, வந்தவருக்கு வழி சொல்வது என்று கான்சியர்ஜ் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அவரும் செய்கிறார். அதற்குரிய பெயரும் ஊதியமும் மட்டும் அவருக்கு இல்லை.