ஹால் ஃபாஸ்டர்: விற்பனைப் பட்டியல் வரைந்த கை

'பிரின்ஸ் வேலியன்ட்' சித்திரக்கதையால் நாம் அறிந்த ஹால் ஃபாஸ்டரின் தொடக்ககால ஓவியங்களைத் தேடினால், விற்பனைப் பட்டியல்களைத்தான் புரட்டவேண்டும். 1892இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்த அவர், இளமையில் வின்னிபெக் நகரில் ஹட்சன்ஸ் பே நிறுவனத்தின் பட்டியலுக்கு ஆடைகள் வரைந்தார். பெண்களின் உள்ளாடைகள் உட்பட! துணியின் மடிப்பு பிசகினால் சரக்கு விலைபோகாது. பின்னர் சிகாகோவில் விளம்பர ஓவியரானார்.

1929இல் 'டார்ஜான்' தொடரை வரைந்தபோதும் சித்திரக்கதையைத் தாழ்வான தொழிலாகவே எண்ணினார். பத்து வாரங்களோடு விளம்பரத்துக்கே திரும்பினார். பொருளாதார மந்தத்தில் அந்த வேலைகள் அருகவே, 1931இல் மீண்டும் டார்ஜானிடம் வர நேர்ந்தது. பசிதான் அவரை நமக்குத் தந்தது என்போம்.

1937இல் தொடங்கிய வேலியன்டில் பேச்சுக்குமிழ்களே இல்லை. கதை படத்தோடு தனி வாசகமாக நிற்கும். அரசவை அங்கிகளின் மடிப்புகளை உற்று நோக்குங்கள். பழைய வின்னிபெக் பயிற்சி அங்கே தெரியும்.