நெற்காணிச் சட்டமும் திருகோணமலையும்: பிலிப் குணவர்த்தனாவின் அரசியலை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலங்கை இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றை எழுதியோர் பிலிப் குணவர்த்தனாவை ஒரு போராட்டக்காரராகவே பெரிதும் சித்திரித்துள்ளனர். அவர் முறையாக விவசாயப் பொருளாதாரம் பயின்ற ஒருவர் என்பது உரிய அழுத்தத்தைப் பெறவில்லை. அவருடைய அரசியல் வாழ்வில் நிலைத்து நின்ற சாதனை அக்கல்வியோடு நெருங்கிய தொடர்புடையது என்பது எமது கருத்து. அச்சாதனையின் எல்லைகளைத் திருகோணமலைத் துறைமுக மாவட்டத்திலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1901இல் அவிசாவளையை அடுத்த பொரலுகொடையில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்த பிலிப், 1920களில் ஐக்கிய அமெரிக்கா சென்று இலினோய், விஸ்கொன்சின் பல்கலைக்கழகங்களில் கற்றார். விஸ்கொன்சினில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் அவருடன் பயின்றார். நிலம் யாருக்கு என்னும் வினாவைப் பிற்காலத்தில் இருவருமே தத்தம் நாட்டில் எழுப்பினர். ஆனால் சென்ற வழிகள் வேறு. 1932இல் நாடு திரும்பிய பிலிப், 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். மறு ஆண்டு அரசுக் கழகத்துக்குத் தெரிவானார். 1940இல் சிறையிடப்பட்டவர், 1942 ஏப்ரல் 7ஆம் நாள் இரவு தோழர்களுடன் கண்டிச் சிறையிலிருந்து தப்பினார். இரண்டு நாட்களின் பின் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. எந்தப் பேரரசின் போரை எதிர்த்தமைக்காக அவர் சிறையில் இருந்தாரோ, அப்பேரரசின் கீழைக் கடற்றளம் அன்று எரிந்தது.

1956இல் பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி அரசில் அவர் விவசாய, உணவு அமைச்சரானார். அந்த அரசே 1957 அக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியரிடமிருந்து பொறுப்பேற்றது. எமது மாவட்டத்தின் கடல்முகம் அவ்வாறு மாறியது. வயல்முகத்தை மாற்ற முனைந்தது 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம்.

இச்சட்டத்தின் சாரம் எளியது. வாரத்துக்குப் பயிரிடுபவனை நிலவுடைமையாளன் நினைத்தபோது வெளியேற்ற முடியாது, அவனது உரிமை நிலையானது, வாரிசுக்கும் செல்வது. விளைவிற் பாதியை அள்ளிக் கொடுக்கும் வழக்கத்துக்கு மாறாக, வாரத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வயற்பரப்பின் நிர்வாகம் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கிழக்கில் வட்டைவிதானைமார் வகித்துவந்த அதிகாரம், பயிரிடுவோர் தெரிவுசெய்யும் குழுவுக்குச் செல்வதென்பது சிறிய மாற்றமன்று. தண்ணீர் எப்பொழுது எந்த வாய்க்காலில் இறங்க வேண்டும், எவனுடைய வேலி எப்பொழுது அடைக்கப்பட வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பவனே கிராமத்தின் உண்மையான அரசன் என்பதைத் தம்பலகாமத்து வயல்களை அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் இச்சட்டம் வரையப்பட்ட மனத்தளம் மேற்கு, மலைநாட்டுப் பகுதிகளின் 'அந்தே' முறையாகும். கிழக்கின் நெற்செய்கை உறவுகள் அதனின்றும் வேறுபட்டவை. போடியாரின் கீழ் உழைத்த முல்லைக்காரனையும், விதைப்புக்கும் அறுவடைக்கும் வந்துபோகும் கூலியாட்களையும் குத்தகைக்காரர் என எளிதில் வகைப்படுத்த இயலாது. விதைநெல், எருமை, சாப்பாட்டுச் செலவு எனப் போடியார் கொடுத்த முற்பணம் களத்து மேட்டிலே கழிக்கப்படும். நிலத்துக்கான வாரத்துக்கு எல்லை வகுப்பது ஒன்று. இக்கழிவுகளுக்கு எல்லை வகுப்பது முற்றிலும் வேறொன்று. நாட்டின் பல பகுதிகளிலும், சட்டம் வருமுன்னரும் வந்த பின்னரும் வாரக்குடிகள் வெளியேற்றப்பட்டனர். 'குத்தகைக்காரன்' ஒரே இரவில் 'கூலியாள்' ஆனான். சட்ட வாசகத்தின் ஓட்டைகள் வழக்குகளுக்கு இடமளித்தன. 1964இல் திருத்தம் வந்தபோது காலம் கடந்திருந்தது.

இதனினும் பெரிய எல்லை ஒன்றுண்டு. திருகோணமலையில் அக்கால நிலப்பிரச்சினையின் மையம் வாரமன்று, குடியேற்றம். கந்தளாய், அல்லைத் திட்டங்களில் நிலம் பெற்றவர்கள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள். யாருக்கு அப்பத்திரம் கிடைக்கும் என்பதை விவசாய அமைச்சு தீர்மானிக்கவில்லை, அது சீ. பி. டி சில்வாவின் காணி அமைச்சுக்குரியது. 1946இல் மாவட்ட மக்கட்டொகையில் ஏறத்தாழ 21 விழுக்காடாக இருந்த சிங்களவர், 1981இல் ஏறத்தாழ 34 விழுக்காடாயினர். 1956 ஆகஸ்டில் திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு குடியேற்றத்தை நிறுத்தக் கோரியதும், 1957 யூலையில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் குடியேறுவோரைத் தெரியும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க முன்வந்ததும் இதனாலேயே. அவ்வொப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. நெற்காணிச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

வர்க்க உறவை அத்துணை நுணுக்கமாக ஆராய்ந்த மனிதர், அரச நிலத்தை இனவாரியாகப் பங்கிடுவதும் ஒரு நில உறவே என்பதை ஏன் அதே கூர்மையுடன் நோக்கவில்லை? தனிச்சிங்களச் சட்டத்தை ஆதரித்த முன்னணியில் அவர் இடம்பெற்றிருந்தார் என்பது விடையின் ஒரு பகுதி. சிங்கள உழவனே நாட்டின் உழவன் என்ற மயக்கம், அவர் ஆக்கித்தந்த சட்டத்தின் வரிகளில் இல்லை; அவருடைய அரசியலின் பிற்பாதியில் உண்டு.

அமைச்சரவைக்குள் அவரை வீழ்த்தியவர்கள் தமிழரல்லர், வலதுசாரிகள். சக அமைச்சர்கள் பகிஷ்கரிப்பில் இறங்க, கூட்டுறவுத் துறை தம்மிடமிருந்து பிரிக்கப்பட்ட நிலையில் 1959 மேயில் அவர் விலகினார். 1965இல் டட்லி சேனாநாயக்காவின் 'தேசிய அரசாங்கத்தில்' கைத்தொழில், கடற்றொழில் அமைச்சரானபோது, ஒரு காலத்தில் தாம் மூர்க்கமாக எதிர்த்த கட்சியுடனேயே அவர் அமர்ந்திருந்தார். அதே அமைச்சரவையில் தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வமும் இருந்தார். கோணேசர் கோயிற் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராயத் தாம் நியமித்த குழுவைப் பிரதமர் செயலிழக்கச் செய்தமையால் திருச்செல்வம் 1968இல் பதவி துறந்தார். பிலிப் 1970 வரை பதவியிலிருந்தார்.

அவ்வாண்டுத் தேர்தலில் தோல்வியுற்ற அவர் 1972 மார்ச் 26இல் காலமானார். அதே ஆண்டின் விவசாய உற்பத்தித்திறன் சட்டமும் அடுத்த ஆண்டின் விவசாயக் காணிகள் சட்டமும், உழவர் தெரிவுசெய்த குழுக்களின் இடத்தில் அமைச்சர் நியமிக்கும் குழுக்களை அமர்த்தின.