கழுத்தடியில் ஒரு தேதி

பழைய பேஸ் கிட்டாரை விலை பேசுவதற்கு முன்னால் அதன் கழுத்தைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். பின்பக்கம் ஒரு செவ்வகத் தகடு, அதில் நாலு ஸ்க்ரூ. கம்பிகளைத் தளர்த்தி, ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டுக் கழுத்தை மெல்ல அசைத்தால், ஐம்பது அறுபது வருஷம் ஒட்டிக்கிடந்த மரம் சின்னச் சத்தத்தோடு விடுபடும். வெளிச்சமே படாத அந்த அடிப்பகுதி மட்டும் நேற்று இழைத்த பலகைபோல வெளுப்பாக இருக்கும். அங்கேதான் தேதி. ஃபெண்டர் கம்பெனியில் 1962 வரை பென்சிலால் எழுதினார்கள். அதற்குப் பிறகு ரப்பர் ஸ்டாம்பு.

இந்தப் பழக்கம் எனக்கு அமெரிக்காவில் வந்தது. ஆனால் அதன் நியாயத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பெரம்பூரில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர். 1986-இல் நான் மெல்லிசைக் குழுவில் வாசிக்கத் தொடங்கியபோது அவரிடம்தான் முதல் பேஸ் வாங்கினேன். ஜப்பானில் செய்த நகல், தலையில் பெயர்கூட அழிந்துபோயிருந்தது. பணத்தை எண்ணி வாங்கி வைத்துக்கொண்டு அங்கிள் சொன்னார்: “இது மூணு கை மாறி வந்துருக்குப்பா. ரெண்டாவது பிக்கப் நான் மாத்துனது. நீ விக்கிறப்ப, வாங்குற பையன்கிட்ட அதையும் சொல்லிடணும், என்ன?” சொல்லித்தான் விற்றேன். அந்தக் காசில்தான் என் விமான டிக்கெட்டில் ஒரு பகுதி வந்தது.

நியூஜெர்சியில் வேலை. சனிக்கிழமைகளில் ரயில் ஏறி மன்ஹாட்டன் 48-ஆம் தெரு. இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருந்த தெரு அது. 1935-இல் தொடங்கிய மேன்னீஸ் அப்போது அங்கே இருந்தது, 2009-இல் மூடிவிட்டார்கள். கடைகளைவிட, கடைவாசலில் சந்தித்துக்கொண்ட ஆட்களிடம்தான் நான் அதிகம் கற்றேன். ஒருவர் விற்பார், இன்னொருவர் வாங்குவார், மூன்றாமவர் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார்.

ஒரு பழைய பேஸுக்குப் புதியதைவிட அதிக விலை எப்படி வந்தது? 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அது வெறும் வேலைக்கருவி. ஆளுயர டபுள் பேஸைக் காரின் கூரையில் கட்டித் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும் ஒன்று கிடைத்தது. வீணைக்கு மெட்டு இருப்பதுபோல் இதற்கும் மெட்டு உண்டு. விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாக நிற்கும் என்பதால்தான் பிரிசிஷன் என்ற பெயர். 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. கருவி தேய்ந்தால் வாசிப்பவர்கள் விற்றார்கள், நிறம் அலுத்தால் வேறு பெயின்ட் அடித்தார்கள். பழையது என்றால் மலிவு, அவ்வளவுதான்.

1965 ஜனவரியில் அது மாறியது. உடல்நலம் குன்றியிருந்த லியோ, கம்பெனியை சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். உற்பத்தி பெருகியது, தரம் இறங்கிவிட்டது என்று வாசிப்பவர்கள் பேச ஆரம்பித்தார்கள். எழுபதுகளின் நடுவில் ஜாஸ் பேஸின் கழுத்தைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூ மூன்றாகக் குறைந்தபோது அந்தப் பேச்சு உறுதிப்பட்டுவிட்டது. ‘சி.பி.எஸ்.ஸுக்கு முன்’ என்ற சொல் அப்படித்தான் ஒரு விலைச்சீட்டாக ஆனது. நாஷ்வில்லில் ஜார்ஜ் க்ரூன் 1970-இல் பழைய கிட்டார்களுக்கென்றே கடை திறந்தார். 1965 ஜனவரிக்கு முன்பா பின்பா என்பதில் ஆயிரக்கணக்கான டாலர் அடங்கியிருக்கும்போது, கழுத்தடியில் யாரோ ஒரு தொழிலாளி போட்ட தேதி ஜாதகம் ஆகிவிட்டது.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜனவரியில் ஒரே இரவில் மரம் மாறிவிடவில்லை, அதே ஆட்கள்தான் அதே மேஜைகளில் வேலை செய்தார்கள். நான் இன்று வாசிப்பது 1966-ஆம் வருஷத்துப் பிரிசிஷன். என் கைக்கு வந்த எந்த 1963-க்கும் அது இளைத்ததில்லை.

அதன் கழுத்தடியில் இருக்கும் ஸ்டாம்பு: 5 அக்டோபர் 66 சி. இதைப் பார்த்து அக்டோபர் ஐந்தாம் தேதி பிறந்தது என்று விளம்பரம் செய்பவர்கள் நிறைய. 5 என்பது தேதி அல்ல, பிரிசிஷன் பேஸுக்கான எண். ஜாஸ் பேஸுக்கு 7. ‘சி’ என்றால் கழுத்தின் மேல்முனை அகலம் ஒன்றே முக்கால் அங்குலம். அடுத்து, வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கும் கன்ட்ரோலின் முதுகைப் பார்க்க வேண்டும். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் கம்பெனி செய்தது, 137 என்றால் சி.டி.எஸ். பிறகு வருஷம், வாரம். 3046225 என்றால் 1962-ஆம் வருஷம் 25-ஆவது வாரம். அதுவும் கன்ட்ரோல் பிறந்த தேதிதான், கிட்டார் பிறந்த தேதி இல்லை. 1966-இல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிக் குவித்தவற்றை அந்தப் பத்தாண்டு முடியும்வரை பயன்படுத்தியிருக்கிறார்கள். பின்தகட்டில் பொறித்த சீரியல் எண்ணும் அப்படித்தான். பெட்டியில் கைக்கு வந்த தகட்டை எடுத்து மாட்டினார்கள், வரிசை பார்க்கவில்லை.

இதையெல்லாம் நான் கற்றது காசு போன பிறகு. 1998-இல் ஒருவரிடம் 1963 பிரிசிஷன் ஒன்றை, அசல் சன்பர்ஸ்ட் நிறம் என்ற பேச்சை நம்பி, ஒன்றரை வருஷச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து, உடம்பின் முன்பக்கத்தை மூடியிருக்கும் பிக்கார்டுத் தகட்டைத் திறந்தேன். அந்தக் காலத்தில் ஃபெண்டரில் உடம்புப் பலகையில் நாலு சிறு ஆணி அடித்து, ஈர பெயின்ட் மேஜையில் ஒட்டாமல் ஆணிமேல் நிற்கும்படி காயவைப்பார்கள். காய்ந்ததும் ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் அசல் நிறத்தில் அந்தத் துளைகளுக்குள் வெறும் மரம் தெரியும். என் பேஸில் துளைகள் பெயின்டால் அடைத்துக்கிடந்தன. மறுபடி நிறம் பூசியது என்றால் பாதி விலை, இந்த வியாபாரத்தில் வாய்க்கணக்கு அது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. மூன்று வருஷம் வாசித்தேன், பிறகு துளைகளைப் படம் பிடித்துக் காட்டிப் பாதி விலைக்கு விற்றேன். வாங்கிய இளைஞன் இன்றும் பேசுகிறான்.

பழையதற்கு இருந்த மவுசைக் கம்பெனியே கவனித்தது. 1982-இல் 1957, 1962 மாடல்களைத் திரும்பச் செய்து விற்கத் தொடங்கினார்கள், அமெரிக்காவிலும் ஜப்பானிலும். மாட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிகென் தொழிற்சாலையில் ஜே.வி. என்ற எழுத்துகளோடு வந்த முதல் ஜப்பானிய வரிசையை இப்போது அதன் வயதுக்காகவே தேடி வாங்குகிறார்கள்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. அறுபதுகளின் நடுப்பகுதிவரை ஃபெண்டர் விரல்பலகைக்குப் பிரேசில் ரோஸ்வுட், பிறகு இந்திய ரோஸ்வுட். கூடலூர்ப் பக்கம் நாம் ஈட்டி என்று சொல்லும் மரவகை அது. ஈட்டியும் அதன் உறவு மரங்களும் அழியாமல் காக்க 2017 ஜனவரியில் உலக ஒப்பந்தம் ஒன்றில் கட்டுப்பாடு வந்தது. விற்பனைக்கு எல்லை தாண்டிய பழைய கிட்டாருக்கும் சான்றிதழ் வேண்டியிருந்தது. கனடா நண்பருக்கு நான் விற்க ஒப்புக்கொண்ட பேஸ் அந்தச் சான்றிதழுக்குக் காத்தே அலமாரியில் கிடந்தது, அவர் வேறொன்றை வாங்கிவிட்டார். 2019 நவம்பரில் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தார்கள். கிட்டத்தட்ட மூன்று வருஷம் நீடித்த அந்தத் தொல்லையில் எனக்கு வருத்தமில்லை. காடு முதலில்.

வருத்தம் திருட்டில்தான். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ், 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து காணாமல் போனது. மதுக்கடைக்காரர் ஒருவர் கைக்குப் போய், பிறகு ஒரு வீட்டுப் பரணில் கிடந்து, மெக்கார்ட்னியிடமே திரும்பியது என்ற செய்தி 2024-இல் வந்தது. பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசி வாசித்த 1962 ஜாஸ் பேஸ் 1986-இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் திருடுபோனது. மறு வருஷம் அவர் இறந்தார். இருபது வருஷம் கழித்து அது வெளியே வந்தது, வழக்கு நடந்தது. கடைசியில் மெட்டாலிக்கா இசைக்குழுவின் ராபர்ட் ட்ருஹியோ பணம் போட்டு உதவிய பிறகே குடும்பத்துக்குத் திரும்பியது. திருடனுக்கும் இவர்களுக்கும் நடுவே எத்தனை கை மாறியிருந்தாலும், ஒவ்வொரு கையும் கேள்வி கேட்காமல் வாங்கிய கை.

அதனால் விற்பவர்களுக்கு என் வேண்டுகோள்: சீரியல் எண், கழுத்தடித் தேதி, மாற்றிய பாகங்கள் இவற்றை ஒரு தாளில் எழுதி, உங்கள் பெயரையும் போட்டுக் கிட்டார் பெட்டிக்குள் வையுங்கள். வாங்குபவர்கள் அந்தத் தாளைக் கேளுங்கள். டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் எத்தனையோ பாடல்களுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் 1962 பிரிசிஷன், சன்பர்ஸ்ட் நிறம். கழுத்தின் அடியில் ‘ஃபங்க்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அவர் கையாலேயே செதுக்கியிருந்தார். 1983-இல் அவர் சாவதற்குச் சில நாள் முன்பு அது திருடப்பட்டது. இன்னும் கிடைக்கவில்லை. அப்படி ஒன்று உங்கள் முன்னால் விலைக்கு வந்தால், கழுத்தடியைப் பாருங்கள்.