பூட்டிய வீட்டின் நீரும் நெருப்பும்

குடும்பத்தோடு பல நாள் வெளியூர்ப் பிரயாணம் புறப்படுகிறவருக்கு, கள்வரை அஞ்சிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் நீரும் நெருப்பும் என்ன செய்துகொண்டிருக்குமோ என்ற கவலையும் அவரோடு கூடவே வண்டி ஏறுகிறது. இந்தக் கவலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. தருமபுரிச் சீமையின் பழைய வீட்டிலிருந்து அதைத் தொடங்குவது பொருந்தும். ஏனெனில் அந்த வீட்டில் அது மிகச் சிறியதாக இருந்தது.

மலைகளிடையே மேட்டு நிலமாக அமைந்த இந்தப் பிரதேசத்தில் மார்கழியும் தையும் உடம்பை நடுங்கவைக்கும் மாதங்களே ஆயினும், பாத்திரத்து நீர் உறைந்துபோகும் அளவுக்குக் குளிர் இறங்குவதில்லை. விடியற்காலையில் புழக்கடைக் கல்லடுப்பில் துவரை மிளாரை எரித்துச் செப்புத் தவலையில் வெந்நீர் போட்டுக் குளித்தார்கள். அந்த நீரும் கிணற்றிலிருந்து குடம் குடமாகப் பெண்களின் இடுப்பில் வந்த நீர்தான். ஆகவே ஊருக்குப் போகும் நாளில் தவலையையும் குடங்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டால், ஒரு சொட்டு ஜலம் வீட்டில் தங்குவதற்கு இடமில்லை. நெருப்பு அப்படியன்று. தீக்குச்சி எளிதில் கிடைக்காத காலத்தில், அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி மறுநாளைக்குக் காத்துவைப்பது இல்லத்தரசியின் நித்திய கர்மங்களில் ஒன்று. ஆனால் கூரை வேய்ந்த வீட்டில் அந்தக் கங்கை விட்டுவிட்டுத் திருப்பதிக்கோ பழனிக்கோ யாத்திரை போக எவருக்குத் துணிவு வரும்? நீர் தெளித்து அவித்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து வறட்டித் துண்டில் நெருப்பு வாங்கி வந்து மூட்டுவார்கள். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் ஆரம்பமாகி, கிராமத்துக் கடைவரை தீப்பெட்டி வந்து சேர்ந்த பிறகு இந்தக் கொடுக்கல் வாங்கல் மெல்ல மறைந்தது.

வீட்டுக்குள்ளேயே நெருப்பையும் நீரையும் நிலையாகக் குடிவைக்கும் மரபு, குளிர்தேசத்தாரோடு நம் நாட்டுக்கு வந்தது. 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமானபோது, காப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை இப்பகுதியில் நிலவரித் திட்டத்தில் உழைத்தார். தருமபுரியையும் அங்கே தாம் வளர்த்த தோட்டத்தையும் பிரிந்தபோது அவருக்கு உண்டான வருத்தம் அவர் கடிதங்களில் தெரிகிறது. கிளாஸ்கோ நகரில் பிறந்தவருக்குத் தருமபுரியின் பனிக்காலம் ஒரு பொருட்டாகத் தோன்றியிராது. அவரே 1826-இல் சென்னை ராஜதானியின் கவர்னராக உதகமண்டலம் சென்று, கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் வீட்டின் விருந்தினராகத் தங்கியபோது, தம் தாய்நாட்டுக் குளிரை இந்திய மண்ணில் மறுபடி சந்தித்தார்.

அங்கே வீடு என்பதன் இலக்கணமே வேறு. சுவருக்குள் கணப்பும், கூரைக்கு மேல் புகைபோக்கியும் இல்லாமல் ஒரு பங்களாவும் எழவில்லை. கணப்புகளுக்கு விறகு வெட்டிச் சோலைக் காடுகள் குறையக் குறைய, 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரத்தை மலைச்சரிவெங்கும் நட்டுப் பெருக்கினார்கள். நீலகிரி என்றதும் நம் நினைவுக்கு வரும் அந்த மரக்கூட்டம், குளிர்காய விரும்பியவர்களின் விறகுத் தேவையால் வளர்ந்தது. 1870-ஐ ஒட்டி ராஜதானி அரசாங்கமே கோடைதோறும் உதகைக்கு ஏறத் தொடங்கவே, ஒரு விசித்திரம் நேர்ந்தது: கோடையில் நிரம்பி வழிந்த பங்களாக்கள் பல, பள்ளத்தாக்குகளில் உறைபனி வெள்ளையாகப் படியும் மாதங்களில் ஆளில்லாமல் கிடந்தன, குளிருக்கென்றே கட்டிய வீடு, குளிர் வந்தபோது வெறுமையாயிற்று. சாவியை ஏற்றுக்கொண்டு அவற்றைக் காத்தவர்கள் காவற்காரர்களும் தோட்டக்காரர்களுமே. பங்களாக்காரர்களின் பெயர்கள் பல இன்றும் வழங்க, அந்த மாதங்களில் அங்கே குளிரைத் தாங்கியிருந்தவர்களின் பெயர்கள் மறைந்துபோனது எனக்கு மெய்யாகவே வருத்தமளிக்கிறது.

குளிர்தேசத்து வீட்டில் நெருப்பைப் போலவே குழாய் நீரும் கவலை தரும். உறைபனி குழாயை ஏன் உடைக்கிறது என்பதை நம் சமவெளியார் அறியவேண்டிய அவசியம் நேர்ந்ததில்லை. உறையும்போது நீரின் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகுகிறது. குழாய்க்குள் பனிக்கட்டி அடைத்துக்கொள்ள, அந்த அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் இடையே சிக்கிய நீர் அழுத்தம் ஏறி ஏறிக் கடைசியில் குழாயைப் பிளந்துவிடுகிறது. பிளந்த செய்தி, பனி உருகிய பின்னரே வெள்ளமாக வெளிப்படும். டொராண்டோவில் குடியேறிய தமிழர், தைப்பொங்கலுக்குத் தாயகம் வரும்போது பிரதான வால்வை மூடிக் குழாய்களைத் திறந்து நீரை வடித்துவிடுகிறார்கள். ஆனால் வெப்பமூட்டும் இயந்திரத்தை அணைப்பதில்லை, தாழ்ந்த சூட்டில் ஓடவிடுகிறார்கள். அத்துடன், நம்பிக்கையான ஒருவர் அடிக்கடி வீட்டைப் பார்த்து வரவேண்டும் என்று காப்பீட்டுக் கம்பெனிகள் பல நிபந்தனை விதிப்பதால், சாவி அங்கேயும் இன்னொருவர் கைக்குத்தான் போகிறது.

தருமபுரியில் குழாய் நீருக்கு அவசரம் உண்டாக்கியது குளிரன்று, கிணற்று நீரின் குற்றம். பாறையடி நீரில் கலந்த ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைப் பல ஊர்களில் மீறி, குழந்தைகளின் பற்களில் காவியேற்றிப் பெரியவர்களின் எலும்புகளையும் வளைத்த கொடுமைக்கு முடிவு காண, ஜப்பானியக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டி, 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013-இல் தொடங்கிவைத்தார்கள். காவிரி, தருமபுரி கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமங்களுக்கு மேடேறி வந்தது. இந்த நூற்றாண்டில் இச்சீமை பெற்ற வரப்பிரசாதங்களில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

ஆனால் குடத்தைப் போல அந்த நீரைக் கவிழ்த்துவைக்க முடியாது. பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்ப் பொங்கலுக்கு மட்டும் திரும்புகிறவர்களின் வீடுகளில், மாடித் தொட்டியிலும் சுவருக்குள் ஓடும் குழாய்களிலும் அது மாதக்கணக்கில் காத்திருக்கிறது. மிதவை வால்வு சிக்கிக்கொண்டால், அத்தனை தூரம் ஏறி வந்த காவிரி இரவு முழுதும் தெருவில் வழிகிறது. மூடி விலகிய தொட்டியில் டெங்குக் கொசு ஒன்றிரண்டு வாரத்திலேயே தலைமுறை காண்கிறது. குளியலறைத் துவாரத்தின் அடியில் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கும் வளைவு நீர் வற்றிப்போகிறது. அணைக்க மறந்த கீசர், யாருக்கும் பயன்படாத நீரைக் காய்ச்சிக்கொண்டே இருக்கிறது.

குழாய் வேலைக்காரர்கள் சொல்லும் முறை எளியது. கேட் வால்வை மூடிவிட்டுத் தொட்டியைக் காலி செய்து, தாழ உள்ள ஒரு குழாயைத் திறந்து மிச்ச நீரை வடித்து, கீசருக்குரிய மின்சாரத்தை முதலிலேயே நிறுத்திவிட வேண்டும். வடிகால் துவாரத்தில் ஒரு செம்பு நீரும் அதன்மேல் சிறிது எண்ணெயும் ஊற்றினால் அந்த நீர் சீக்கிரம் வற்றாது. திரும்பி வந்தபின் முதலில் வரும் நீரைக் குடிக்காமல் செடிகளுக்கு விட்டு, வெந்நீர்க் குழாயில் நீர் தடையின்றி ஒழுகி கீசர் நிறைந்துவிட்டதை உறுதிசெய்துகொண்ட பிறகே சுவிட்சைப் போடவேண்டும். நீரில்லாத கீசரில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும்.