பாலைவனத்தில் வண்டி நின்றால்

1963 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு குடும்பத்தினர் ஐவர் காரில் சென்றனர். மாரி என்னும் ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை சுமார் 500 கிலோமீட்டர் நீளும் மண் தடம் அது. வழி தவறியது, பெட்ரோல் தீர்ந்தது. தேடிச் சென்றவர்களுக்குக் கார் கிடைத்தது. அதில் எவரும் இல்லை. காரை விட்டு நடந்த ஐவரும் வெயிலிலும் தாகத்திலும் மாண்டிருந்தனர்.

இத்தகைய வழிக்கு எந்த வண்டி ஏற்றது? நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் வண்டியே என்பர். 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவர் இவ்வகையில் பெயர் பெற்றது. பழைய டீசல் எஞ்சினாயின் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறியும் வேண்டாம். ஆனால் நல்ல வண்டி வேறொன்றும் செய்யும்: பழுதாகும்போது நம்மை இன்னும் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தும்! ஆகவே உதவிக்கு அழைக்கும் கருவியையும் உடன் எண்ணியாக வேண்டும்.

அக்கருவி வண்டியை நம்பியிருக்கலாமா? 1920களில் பாதிரியார் ஜான் ஃபிளின் தொலைதூரப் பண்ணைகளிலிருந்து மருத்துவரை அழைக்க வழி தேடினார். முதற் சோதனைகளில் மோட்டார் வண்டியின் எஞ்சினே மின்னியற்றியைச் சுழற்றியது. எஞ்சின் நின்றால் குரலும் நிற்கும். அடிலெய்டு நகரப் பொறியாளர் ஆல்ஃபிரட் டிரேகர் சைக்கிள் மிதிகளைப் பொருத்தினார். ஒருவர் களைப்பின்றி மிதித்தால் சுமார் 20 வாட் கிடைத்தது. மோர்ஸ் சாவியைத் தட்டக் கைகளும் ஓய்வாக இருந்தன. 1929இல் இக்கருவிகள் பண்ணைகளுக்குச் சென்றன. ஆயினும் நான் எங்கே இருக்கிறேன் என்று அழைப்பவரே சொல்ல வேண்டும். வழி தவறியவர் என்ன சொல்வார்?

இதற்கு விடை தந்தது டாப்ளர் விளைவு. நம்மை நெருங்கும் இரயிலின் ஊதல் உரத்த சுருதியிலும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பதை அறிவோம். செயற்கைக்கோளில் ஏற்பியை வைத்தால், தரையிலுள்ள கருவியின் அதிர்வெண்ணும் இவ்வாறே மாறும். கோளின் வேகம் வினாடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர். 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் மாற்றம் மிஞ்சினால் 9,000 ஹெர்ட்ஸ். உயர்வு தாழ்வாக மாறும் கணத்தில் கோள் கருவிக்கு மிக அருகில் உள்ளது. மாற்றம் எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பதிலிருந்து, கோளின் பாதைக்கும் கருவிக்கும் உள்ள தொலைவு தெரியும். இடப்புறமா, வலப்புறமா? பூமியும் சுழல்வதால் இரு பக்கத்துக்கும் கணக்கு சிறிது வேறுபடும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1982 ஜூனில் சோவியத் நாடு இதற்கான முதற்கோளை ஏவியது. அமெரிக்கா, கனடா, பிரான்சு ஆகியனவும் திட்டத்தில் பங்கேற்றன. அவ்வாண்டு செப்டம்பரிலேயே கனடாவில் விழுந்த சிறு விமானத்தின் மூவர் மீட்கப்பட்டனர். அன்று உதவியது 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவி. ஆனால் அழைப்பவர் யார் என்பதை அது சொல்லாது. பொய்யான அழைப்புகளும் மலிந்தன. 406 மெகாஹெர்ட்ஸ் கருவியோ சுமார் 50 வினாடிக்கு ஒருமுறை, அரை வினாடி நேரம், 5 வாட் திறனில் தன் அடையாள எண்ணை அனுப்புகிறது. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவிக்குத் தனி மின்கலம் உண்டு. குறைந்தது 24 மணி நேரம் உழைக்கும். இதை வண்டியின் பெட்டியில் வைப்பதைவிட இடுப்பில் கட்டிக்கொள்வதே நல்லது.

வாங்குவோர் அதிர்வெண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அழைப்புகளைக் கவனிப்பதில்லை. பழைய கருவியின் விளக்கு மட்டும் வழக்கம்போல எரியும்.